கைம்மையும் வர்க்கமும்

கணவனை இழந்த துயரத்தில் ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லை என்பார்கள். துயரத்தில் இல்லாமலிருக்கலாம், அதன்பின் வரும் வாழ்க்கையில் நிச்சயம் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண் தன்னைவிட இளையவளை மணக்கிறான்; மனைவி இறந்தால் பெரும்பாலும் மறுமணம் செய்துகொள்கிறான்.

பெண்ணின் மறுமணத்துக்கு 1856-ல் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் ஈஸ்வரசந்திர வித்யாசாகர். 1881-ல் கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் விதவைத் திருமணம் நடத்தி வைத்தார். இவை உயர்சாதிப் பெண்களுக்குக் கதவு திறந்த முயற்சிகள்.

ஆனால் உழைக்கும் மக்களில் பலரிடம் 'அறுத்துக்கட்டும்' வழக்கம் முன்பே இருந்தது. அவர்களுக்கு இச்சட்டம் தேவைப்படவில்லை. அதன் 2-ஆம் பிரிவோ, மறுமணம் செய்தால் முதல் கணவனின் சொத்தில் உரிமை போய்விடும் என்றது. வழக்கப்படி மறுமணம் செய்த ஒரு மறவர் குலப் பெண்ணுக்கும் சொத்து இல்லை என்று 1877-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வகுப்பாருக்கு வந்த சீர்திருத்தத்தின் சுமை வேறொரு வகுப்பாரின் தலையில் விழுந்தது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவைக்குப் பிள்ளைகளோடு சமபங்கும், அதில் முழு உரிமையும் தந்தது. பழைய மறுமணச் சட்டம் 1983-ல் நீக்கப்பட்டது.

சரி, சொத்தே இல்லாத குடும்பம் என்ன செய்யும்? அங்கே கணவரின் சம்பளம்தான் சொத்து. ரயில்வே போன்ற மத்திய அரசு வேலையில் இருந்தவர் மனைவிக்கு 1964 முதல் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆறாவது ஊதியக்குழுவுக்குப்பின், குழந்தையில்லாத விதவை மறுமணம் செய்தாலும், சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாதவரை அது தொடரும். தொழிற்சாலைத் தொழிலாளியின் மனைவிக்கு 1995-ஆம் ஆண்டு வைப்புநிதி ஓய்வூதியத் திட்டம். 2014-ல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் ரூ.1000 என நிர்ணயமாயிற்று. மறுமணம் செய்தால் விதவையின் ஓய்வூதியம் நின்றுவிடும்.

பதிவேட்டில் பெயரே இல்லாதவர்? பாலாநகரில் எங்கள் தெருவில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி இறந்தார். பதினெட்டு வருட வேலை. ஆனால் வைப்புநிதிக் கணக்கு இல்லை. அவர் மனைவி என்னிடம் கொண்டுவந்து காட்டியவை ஒரு ரேஷன் கார்டும் கல்யாணப் போட்டோவும்தான். நாற்பது வருடம் காகிதங்களோடு பழகிய எனக்கு, எந்தக் காகிதத்தை நிரப்பச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் மாநில அரசின் 'ஆசரா' உதவித்தொகை ஒன்றே கிடைத்தது. 2014-ல் ரூ.1000 ஆக இருந்த அத்தொகை 2019-ல் ரூ.2016 ஆயிற்று. அதை வைத்துத்தான் வாடகை, பள்ளிச் செலவு எல்லாம்.

அன்பர்களே, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க வீட்டுக்காரருக்கு பி.எஃப். பிடிக்கிறாங்களா? அதிலே உங்க பேர் இருக்கா?' அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.