ஒலுவில் வெளிச்சவீடும் வழிமறிக்கப்பட்ட மணலும்



சிவனொளிபாதமலை பருவகாலத்தில் மஸ்கெலியாப் பக்கத்து லயங்களிலிருந்து பார்த்தால், மலை ஏறும் பாதையில் விளக்குகள் வரிசையாகத் தெரியும். இருட்டில் திசை தெரியாமல் நிற்கிறவனுக்கு, "மலை இந்தப் பக்கம்" என்று அவை சொல்லும். கடலில் இதே வேலையைச் செய்வதுதான் வெளிச்சவீடு. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் கலங்கரை விளக்கம் என்று இருக்கும். இம்முறை நாங்கள் கிழக்குக் கரையில் உள்ள ஒரு வெளிச்சவீட்டைப் பற்றி எழுதுகிறோம்.

எங்கே இருக்கிறது?

அம்பாறை மாவட்டத்தில் கல்முனையிலிருந்து தெற்கே போனால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அதற்கடுத்து ஒலுவில். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். வயலும் கடலும்தான் பிழைப்பு. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் கல்லோயா ஆறு இந்தக் கரைப் பக்கமாகத்தான் கடலில் சேருகிறது. ஆகவே நம்ம மலைநாட்டு மழைக்கும் அந்தக் கரைக்கும் உறவு உண்டு.

விளக்கு வந்த கதை

வெள்ளைக்காரர் காலத்தில் தெற்கே கடலுக்குள் இருந்த இரண்டு பாறைத் தொடர்களில் வெளிச்சவீடு கட்டினார்கள். பெரியது 1873இல் எரிந்தது, சிறியது 1878இல். சிங்களத்தில் இவற்றை மஹா ராவணா கோட்டுவ, குடா ராவணா கோட்டுவ என்பார்கள். வடக்கே மட்டக்களப்புக் களப்பின் வாயில் 1913இல் 28 மீற்றர் உயரத்தில் ஒன்று எழுந்தது. ஒலுவிலுக்கு வெளிச்சவீடு வந்தது 1999இல்தான். அப்போது துறைமுக அமைச்சராக இருந்தவர் கல்முனை மக்கள் நன்கறிந்த எம்.எச்.எம். அஷ்ரப். ஒலுவிலில் துறைமுகம் வேண்டும் என்று பாடுபட்டவர். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். துறைமுக வேலை டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் தொடங்கி, 2013இல் திறப்பு விழா நடந்தது. விளக்கு முதலில் வந்தது, துறைமுகம் பல வருஷம் கழித்து வந்தது.

ஏன் உயரம், ஏன் வட்டம்?

மலை உச்சியில் நின்றால் தூரம் தெரிகிறது, பள்ளத்தில் நின்றால் தெரிவதில்லை. பூமி உருண்டை என்பதால் கடலிலும் அப்படித்தான். கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு ஏறக்குறைய 4 அல்லது 5 கிலோமீற்றர் வரைதான் கடல் தெரியும். 25 மீற்றர் உயரத்தில் ஏறி நின்றால் 18 கிலோமீற்றர் அளவு தெரியும். வட்டமாகக் கட்டினால் காற்றும் அலையும் மோதிச் சுற்றிப் போய்விடும், மூலையில் தாக்காது. பகலில் விளக்குத் தெரியாது, கோபுரமே அடையாளம். அதனால் அநேகமாக வெள்ளை அடிப்பார்கள். ஒவ்வொரு விளக்கும் மின்னும் கணக்கு வேறு. அதை எண்ணித்தான் மாலுமி எந்த ஊர் என்று கண்டுபிடிப்பார்.

பெரிய பாறை வெளிச்சவீட்டுக்கு ஸ்கொட்லாந்தில் கருங்கல் செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி பொருத்திக் கப்பலில் கொண்டு வந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறைக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. அந்தப் பாறைக் கோபுரங்களோ சேதப்பட்டும் விழவில்லை.

மணல் கேட்ட கணக்கு

இனித்தான் முக்கியமான பாடம். கடற்கரை மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அலை சாய்வாக அடிக்கும்போது மணல் கரை ஓரமாக நகர்கிறது. ஒலுவில் பக்கம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை நீட்டியதும் அந்த வழி மறிபட்டது. மணல் தெற்கே குவிந்தது, வாசலிலும் வந்து அடைத்தது. வடக்குக் கரைக்கு மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் நிற்கவில்லை. காணியும் தென்னையும் கடலுக்குள் போயின. நிந்தவூர்ப் பக்கமும் அரிப்புத் தொடர்ந்தது. வாசலில் மணல் அடைத்தபோது மீன்பிடிப் படகுகள் வெளியே போக முடியாமல் தவித்தன. எதிர்பார்த்த சரக்குக் கப்பல் போக்குவரத்தும் வளரவில்லை. "வழி இது" என்று வெளிச்சவீடு இரவெல்லாம் சொன்னாலும், வாசலில் தண்ணீர் ஆழம் இல்லாவிட்டால் படகு எப்படி வரும்?

இது நமக்குப் புதுசு இல்லை. மலையில் கான் வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடும் கானில் குறுக்கே ஒரு கல் வைத்துப் பாருங்க. மேல் பக்கம் மண் சேரும், கீழ்ப் பக்கம் அரித்துக் குழி விழும். லயத்துக்குப் பின்னால் நாம் கட்டுகிற மதிலும், கானை மூடிப் போடுகிற தோட்டமும் இதே மாதிரிதான். நம்ம வாசல் காய்ந்திருக்கும், கீழ் லயத்து வீட்டு அத்திவாரம் கரையும். ஆகவே கானை மறிக்கிறதுக்கு முன்னாடி கீழே குடியிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து கானைத் துப்புரவு செய்யுங்கள். துறைமுகம் கட்டுகிறவருக்கும் கான் வெட்டுகிறவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. ஒலுவில் வெளிச்சவீடு எந்த ஆண்டில் வந்தது?
2. வெளிச்சவீட்டை உயரமாகக் கட்டுவது ஏன்?
3. கல் அணையின் எந்தப் பக்கத்தில் கரை அரித்தது? காரணம் என்ன?

விடையை வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கான் வெட்டிய அனுபவத்தையும் கேட்டு எழுதுங்கள்.