வேலையை விடுமுன் லீவைப் பற்றிப் பேசுங்கள்

நம் பங்கில் அநேக தாய்மார்கள் பிறர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வேறு சில குடும்பங்கள் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கின்றன. இவ்விரு திறத்தாருக்கும் உரியது இந்தப் பாடம்.

ஆறு வருஷமாய் ஒரே வீட்டில் சமைத்து, பாத்திரம் தேய்த்து வரும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பிரசவ காலம் நெருங்கிவிட்டது. பத்து நாளாவது உடனிருக்க வேண்டும். போன வருஷம் காய்ச்சலில் படுத்த நான்கு நாளுக்கும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த விசனம் இன்னும் ஆறவில்லை. "கேட்டால் கொடுக்கவா போகிறார்கள்? நின்றுவிடுகிறேன்" என்கிறாள்.

அவள் கோபம் நியாயந்தான். ஆனால் நஷ்டம் யாருக்கு? ஆறு வருஷத்து நம்பிக்கையும், சிறுகச் சிறுக ஏறிய சம்பளமும், அவசரத்துக்குக் கிடைத்த முன்பணமும் ஒரே நாளில் போய்விடும். புது வீட்டிலும் லீவைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சை இங்கேயே பேசிப் பார்த்தால் என்ன?

லீவு கேட்பது பிச்சை கேட்பதல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள லீவு வகுத்தது. வீடு தொழிற்சாலையல்லவென்று வீட்டு வேலை அதில் சேரவில்லை. 2011-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டு வேலையும் வேலையே என்று 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டுமென்றும், சம்பள லீவு முதலிய நிபந்தனைகளைக் கூடுமானவரை எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்றும் அது கூறுகிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகையால் இரு தரப்பாரும் பேசிச் செய்துகொள்ளும் ஏற்பாடே நமக்கு முக்கியம்.

எப்படிப் பேசுவது?

முதலாவது, கணக்கு. மாதச் சம்பளம் 9,000 ரூபாயானால் ஒரு நாளுக்கு 300. பத்து நாளுக்கு 3,000. கேட்பது எவ்வளவென்று தெரிந்து கேளுங்கள். போன வருஷம் எத்தனை நாள் வரவில்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, சமயம். காலை அவசரத்திலும், வாசற்படியில் செருப்பு மாட்டும்போதும் வேண்டாம். ஒரு மாதம் முந்தியே, வீட்டம்மா ஓய்வாயிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மூன்றாவது, தெளிவு. "அம்மா, அடுத்த மாசம் மகளுக்குப் பிரசவம். பத்து நாள் லீவு வேணும், சம்பளம் பிடிக்காமல் தரணும்" என்று நேராய்ச் சொல்லுங்கள். நின்றுவிடுவேன் என்ற பயமுறுத்தல் வேண்டாம்.

நான்காவது, வழி. தெரிந்த பதில் ஆள் இருந்தால் சொல்லுங்கள். அவளுக்குக் கூலி யார் தருவதென்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள். பத்து நாள் முடியாதென்றால், ஐந்து நாள் சம்பளத்தோடும் ஐந்து நாள் சம்பளமில்லாமலும் கேட்கலாம்.

ஐந்தாவது, எழுத்து. வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு என்று முடிவானதை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மறுத்தால், வேறு வீடு பார்த்துக்கொண்டு மரியாதையாய்ச் சொல்லி விலகலாம். அடி, அவமானம், சம்பளம் தராமை இருக்குமிடத்தில் மட்டும் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வெளியேறி உதவி தேடுங்கள்.

ஆள் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஆபீசில் லீவு எடுக்கும் நாளில் உங்கள் சம்பளம் நிற்பதில்லை. உங்கள் அடுப்படியில் உழைப்பவளுக்கு மட்டும் ஏன் நிற்கவேண்டும்? அவள் வாய் திறந்து கேட்குமுன் நீங்களே நாளைக் குறித்துக் கொடுத்தால், அவளுக்கு நின்றுவிடும் நினைவே வராது.

வீட்டில் கூடிப் பேச:

1. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு வருஷத்தில் எத்தனை நாள் சம்பள லீவு?

2. அது அவருக்குத் தெரியுமா?