நமக்குப் பின் யார்? – பகல் நேர மையம் தொடங்க விரும்பும் பெற்றோருக்குச் சில பாடங்கள்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எங்க பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சு. ஸ்கூல்ல இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க. நாங்க நாலைஞ்சு குடும்பம் சேர்ந்து, நீங்க நடத்துற மாதிரி ஒண்ணு எங்க பக்கம் ஆரம்பிக்க முடியுமா?" என்று கேட்டார். நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. நம் இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி வந்தேன். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. இது மனநோய் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நம்மிடையே இன்னும் உண்டு. மனநோய்க்கு மருந்து உண்டு. வந்து போவதும் உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு சிறு வயதிலிருந்தே இருப்பது. கற்பதும், பேசுவதும், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதும் மெதுவாக நடக்கும். ஆனால் நடக்கும். சட்டமும் இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

தம்பி பதினெட்டு வயது வரை மும்பையில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனான். அதன்பின் பதினாறு ஆண்டுகள் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தான். 2009-ல் அம்மா காலமானபோது அவனுக்கு வயது முப்பத்துநான்கு. நான் வேலைக்குப் போனால் அவனை யார் பார்ப்பது என்ற கேள்வி அன்றுதான் எனக்கு உறைத்தது. 2011-ல், தானே மாவட்டத்தில் ஒரு கட்டடத்தின் தரைத்தள வீட்டில், நான்கு பேருடன் எங்கள் மையம் தொடங்கியது. இன்று இருபத்துமூன்று பேர் வருகிறார்கள். நான் கற்றதையும், தவறிக் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேவையைக் கேட்டறியுங்கள்

மையம் என்றதும் பலருக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வருகிறது. "நமக்குப் பின் யார்?" என்ற பயம் அப்படி நினைக்க வைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பதினொரு வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிய பிறகு தெரிந்தது வேறு. ஒன்பது வீடுகளில் கேட்டது காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஓர் இடம், அவ்வளவுதான். பிள்ளைக்குப் போக ஓரிடமும் செய்ய ஒரு வேலையும் வேண்டும்; தாய்க்கு ஆறு மணி நேர ஓய்வு வேண்டும்.

விடுதிக்கு இரவுக் காவல், சமையல், மருத்துவம் எல்லாம் வேண்டும். பகல் மையம் நடத்திப் பழகாமல் விடுதியில் இறங்காதீர்கள். நடக்கிற இடங்கள் இரண்டு மூன்றைப் போய்ப் பாருங்கள். மும்பையில் 1944-ல் தொடங்கிய ஜெய் வகீல் பள்ளிகூட, ஒரு பெற்றோர் தங்கள் மகளுக்காகத் தொடங்கியதுதான். செகந்திராபாத்தில் 1984-ல் அமைந்த தேசிய நிறுவனம், முன்பு என்.ஐ.எம்.எச்., இப்போது நீபிட் எனப்படுவது, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. நவி மும்பையிலும் அதற்கு வட்டார மையம் உண்டு.

2. சட்டப்படி நில்லுங்கள்

அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கற்ற கம்பெனியாகவோ பதிவு செய்யலாம். சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். மற்ற மாநிலங்களில் நடைமுறை வேறுபடும். உள்ளூர் ஆடிட்டர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையின் பதிவு இல்லாமல் நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்காது.

இதோடு முடியவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இத்தகைய நிறுவனம் நடத்த மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் பதிவுச் சான்று பெற வேண்டும். அடுத்தது 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது அது. பெற்றோர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். நிராமயா என்ற அதன் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு திரும்பக் கிடைக்கும். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. எங்கள் மையத்தில் சேரும் எவருக்கும் முதல் மாதத்திலேயே இதற்கு விண்ணப்பித்துவிடுகிறோம்.

3. இடமும் அக்கம்பக்கமும்

தரைத்தளம், அகலமான கழிவறை, படி இல்லாத வாசல் இம்மூன்றும் முக்கியம். எங்களுக்கு முதலில் கிடைத்த வீட்டுக்கு ஹவுசிங் சொசைட்டியார் மறுத்துவிட்டார்கள். "குழந்தைகள் பயப்படும்" என்றார்கள். வாதாடியும் பயனில்லை. இரண்டாவது கட்டடத்தில் வேறு வழியைப் பிடித்தேன். கேட்பதற்கு முன்பே தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தீபாவளிப் பலகாரம் கொண்டுபோனேன். அவனே தட்டைக் கொடுத்தான். அனுமதி கிடைத்தது. இன்று அந்தக் கட்டடத்தின் விநாயகர் ஊர்வலத்தில் எங்கள் பிள்ளைகள் தாளம் தட்டிக்கொண்டு முன்னால் போகிறார்கள்.

4. ஊழியர்கள்

சிறப்பு ஆசிரியர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கேட்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். உதவிக்கு வரும் பெண்களை இங்கே மௌஷி என்கிறோம். அவர்களுக்குப் பட்டம் வேண்டாம். பொறுமையும் கையில் சுத்தமும் வேண்டும். எங்கள் அனுபவத்தில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

இரண்டு விதிகளில் நாங்கள் தளர்வதில்லை. கதவைச் சாத்திய அறையில் ஓர் ஊழியர் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கக் கூடாது. பெண்களைக் குளிப்பாட்டுவதும் கழிவறைக்கு அழைத்துப்போவதும் பெண்களே செய்ய வேண்டும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களுக்கு இந்த விதிகள்தான் பாதுகாப்பு. வேலைக்குச் சேர்க்கும் எவரானாலும் போலீஸ் சரிபார்ப்பு செய்துகொள்ளுங்கள். தெரிந்த மனிதர் என்று விட்டுவிடாதீர்கள்.

5. ஒருவருக்கு ஒரு கோப்பு

இதில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் ஓர் இளைஞனைச் சேர்த்துக்கொண்டோம். அவனுக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெற்றோர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் மதியம் கீழே விழுந்து துடித்தான். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் கரண்டியை வைக்கப் போனார். நல்லவேளையாக இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

அன்று மாலையே ஒரு மருத்துவரிடம் போய்க் கேட்டு எழுதி, சுவரில் ஒட்டினோம். இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை.

இப்போது கோப்பு முடியாமல் யாரையும் சேர்ப்பதில்லை. ஊனச் சான்றிதழ், யுடிஐடி அடையாள அட்டை, மருந்தின் பெயரும் அளவும் வேளையும், ஒவ்வாமை, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் இருக்கும். கூடவே பிடித்தது, பயப்படுவது, எந்தச் சத்தம் ஆகாது, சிறுநீர் கழிக்க என்ன சைகை காட்டுவார் என்பதும் இருக்கும். பிறகு ஆறு மாதத்துக்கு மூன்றே மூன்று குறிக்கோள்கள். "சட்டைப் பொத்தானைத் தானே போடுவது" என்பது ஒரு குறிக்கோள். "முன்னேற்றம் காண்பது" என்பது குறிக்கோள் ஆகாது. அதை அளக்க முடியாது.

6. வேலையும் பணமும்

வயது வந்தவர்களுக்கு மணி கோக்கவும் வண்ணம் தீட்டவும் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். விற்கும் பொருளைச் செய்யச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் 2018-ல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது எங்கள் காகிதப் பைகளுக்குக் கடைக்காரர்களே தேடி வந்தார்கள். ஒருவர் மடிப்பார், ஒருவர் பசை தடவுவார், ஒருவர் எண்ணுவார். எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் கட்டம் போட்ட பலகை ஒன்று உண்டு. கட்டம் நிறைந்தால் ஒரு கட்டு. மாதக் கடைசியில் அவரவர் பங்கை அவரவர் கையில் கொடுக்கிறோம்.

விற்பனையை நம்பி வாடகை கட்ட முடியாது. 2011-ல் எங்கள் மாதக் கணக்கு இது: வாடகை 14,000, ஆசிரியருக்கு 12,000, இரண்டு மௌஷிகளுக்கு 12,000, மற்றவை 4,000. மொத்தம் 42,000 ரூபாய். நால்வரின் கட்டணம் 12,000. மாதம் 30,000 துண்டு. ஓராண்டுத் துண்டை, அதாவது 3,60,000 ரூபாயை, கையில் வைத்துக்கொண்டு தொடங்கியிருக்க வேண்டும். நான் ஆறு மாதத்துக்கு மட்டும் வைத்திருந்தேன். ஏழாம் மாதம் என் வளையல்கள் போயின. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

7. பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள்

மையம் நடத்துகிறவர் குடும்பங்களுக்கு வழிகாட்டவும் வேண்டும். முதலாவது, பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். முடிந்தவரை அவரவர் முடிவை அவரவரே எடுக்கத் துணை நிற்பதுதான் 2016 சட்டத்தின் நோக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, நம்மவர்களில் பலர் ரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத குறைபாடுள்ள பிள்ளைக்கு, விதிகளுக்கு உட்பட்டு, ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அப்பா இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அவர் போனபின் அலைவது மிகவும் கஷ்டம்.

8. வீட்டு மொழி

தம்பி சிறுவனாக இருந்தபோது பள்ளியில் ஓர் ஆசிரியை, "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது. ஆகவே அவனிடம் பேசுவதையே அவள் குறைத்துக்கொண்டாள். அது எங்கள் வீட்டில் பெரிய நஷ்டம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரு மொழி கேட்டு வளர்வதால் பின்தங்குவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே எங்கள் மையத்தில் ஒவ்வொருவரின் வீட்டுச் சொற்கள் இருபதைக் கோப்பில் எழுதி வைக்கிறோம். "தண்ணி", "பசிக்குது", "வலிக்குது" ஆகியவற்றை மௌஷிகளும் கற்றிருக்கிறார்கள். மராத்தியில் அக்காவைத் "தாயி" என்பார்கள். மையமே என்னைத் தாயி என்று கூப்பிட, தம்பி மட்டும் "அக்கா" என்கிறான்.

9. கடைசிப் பாடம்

முதல் ஐந்து ஆண்டுகள் சாவி என்னிடம். காசோலையில் கையெழுத்து என்னுடையது. எந்த மருந்து எப்போது என்பது என் மனத்தில். இதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். 2016-ல் அறுவை சிகிச்சைக்காகப் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் படுத்தேன். பன்னிரண்டு நாளும் மையம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் தங்கியிருந்த தம்பி, தினமும் காலை பத்து மணிக்கு டிபன் டப்பாவுடன் போய், பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருக்கிறான். நான் வீடு திரும்பிய பிறகுதான் அந்த வீட்டு அம்மாள் சொன்னார்.

"நமக்குப் பின் யார்?" என்று பயந்துதான் மையத்தைத் தொடங்கினேன். அந்த மையமே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றது.

அதன்பின் மாற்றினோம். சாவி மூவரிடம் இருக்கிறது. வங்கியில் மூவரில் இருவர் கையெழுத்திட்டால் போதும். அன்றாட நடைமுறை முழுவதும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒரு நோட்டில் இருக்கிறது. அறங்காவலர்களில் இருவர் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பிள்ளை ஒருவரின் தங்கை. ஆண்டுக்கு இரண்டு வாரம் நான் வேண்டுமென்றே போவதில்லை; தொலைபேசியையும் எடுப்பதில்லை. திரும்பி வந்து என்னென்ன தடுமாறியது என்று கேட்டு, அதை நோட்டில் சேர்க்கிறோம். சென்ற முறை சேர்க்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தண்ணீர் மோட்டார் ரிப்பேர்க்காரரின் தொலைபேசி எண்.

கை கழுவும் இடத்தில் கேட்ட அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். முடியும், தாராளமாகத் தொடங்குங்கள். நாலைந்து குடும்பம் போதும். ஆனால் முதல் கூட்டத்திலேயே, நீங்கள் வராத நாளில் கதவைத் திறப்பவர் யார் என்று முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் வாடகை வீடு தேடலாம். எங்கள் மையத்தை வந்து பார்க்க விரும்புவோர் சங்கத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு வந்தால், கதவருகே முதல் ஆளாக என் தம்பி நிற்பான்.