ஞானசௌந்தரியின் கைகள்

கோட்டையும் கொடுங்காடும், அரசிளங்குமரியும் வீரனும் நிறைந்த காதற் கதைகள் மேனாட்டு இடைக்கால இலக்கியத்தின் தனிச்செல்வம். அவற்றுள் கிறித்தவ நெறியில் நின்று தூய காதலைக் கூறுவன பல. இளைஞர்க்கென இத்தகைய கதைகள் ஆங்கிலத்தில் இன்றும் புதிது புதிதாக எழுதப்படுகின்றன. தமிழில் இவ்வகை உண்டா? உண்டு. நம் பாட்டன்மார் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த ஞானசௌந்தரி கதையே அது.

கதை

ஞானசௌந்தரி ஓர் அரசன் மகள். தேவமாதாவிடம் நீங்காப் பற்றுடையவள். மாற்றாந்தாய் லேனாள் அவளைக் கொல்லுமாறு ஆட்களை ஏவுகிறாள். அவர்கள் அவளைக் காட்டில் கைகளை வெட்டி விட்டுவிடுகின்றனர். அவ்வழி வந்த இளவரசன் பிலேந்திரன் அவளைக் காப்பாற்றி மணந்துகொள்கிறான். அவன் பிரிந்திருக்கும் காலத்தில், பொய்க் கடிதம் ஒன்றின் சூழ்ச்சியால் அவள் பெற்றெடுத்த செல்வத்தோடு மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். அங்கே தேவமாதாவின் அருளால் கைகள் வளர்கின்றன. இறுதியில் கணவனும் மனைவியும் கூடுகின்றனர்.

வந்த வழி

இக்கதையின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் த ரெமி என்னும் பிரெஞ்சுக் கவிஞர் ‘லா மானெக்கீன்’ என்ற காவியத்தில் இதனைப் பாடினார். 14ஆம் நூற்றாண்டில் சாசர் பாடிய கான்ஸ்டன்ஸ் கதையில் வெட்டுண்ட கை இல்லை. ஆயினும் பொய்க் கடிதமும் நாடு கடத்தலும் உள்ளன. கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுதியில் இது கையற்ற பெண்ணின் கதையாக இடம்பெற்றது.

தமிழில் இது நூலகத்தில் தங்கவில்லை, மேடை ஏறியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இதனை நாடகமாக்கினார். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கர் இதனைக் கூத்தாக ஆடினர். 1948ஆம் ஆண்டில் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்களும் இதனைத் தனித்தனியே திரைப்படமாக்கின. சிட்டாடல் படமே வென்றது. அதில் ஞானசௌந்தரியாக நடித்த எம். வி. ராஜம்மா கன்னட நாடக மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றவர் என்பது பெங்களூர்த் தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்று சொற்கள்

அயல்நாட்டுக் கதை தமிழர் நெஞ்சில் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது எதனால்? பிள்ளையோடு காட்டில் வாடும் சீதையை அவர்கள் முன்னரே அறிவர். லவகுசா நாடகத்தையும் ஞானசௌந்தரியையும் எழுதிய கை ஒன்றே. ஆனால் அதனினும் ஆழமான காரணம் ஒன்று நம் மொழியிலேயே உள்ளது.

திருமணத்தை நாம் கைப்பிடித்தல் என்கிறோம். பிடிக்கக் கையில்லாதவளைக் கைப்பிடித்தான் பிலேந்திரன்! அழகையும் சீரையும் எண்ணி எழுந்த காதலன்று அது. இரக்கத்தில் முளைத்து அன்பில் கனிந்தது. துணையின்றி விடுதலைக் கைவிடுதல் என்கிறோம். பொய்யை நம்பிய அரண்மனை, கையற்ற அவளைக் கைவிட்டது. மூன்றாவது சொல் கையெழுத்து. பொய்க் கடிதம் வென்றது ஏன்? மறுத்து ஒரு வரி எழுத அவளிடம் கையில்லை. எழுத இயலாதவள்மீது பிறர் எழுதியதே உண்மையாகிவிடுகிறது. இக்கொடுமை கதையோடு முடிந்ததா? எழுத்தறியாத ஏழையின் பெயரால் பிறர் எழுதிக்கொள்ளும் ஒவ்வொரு பத்திரத்திலும் இது இன்றும் நிகழக்கூடியதே.

ஒரு தடையும் விடையும்

‘துன்பத்தைப் பொறுத்திரு, தெய்வம் காக்கும் என்று பெண்களுக்கு மட்டும் போதிக்கும் கதைதானே இது?’ என்று தோழியர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பிரெஞ்சுக் காவியத்தில் தந்தையே மகளை மணக்க விழைகிறான்; அதனைத் தடுக்க அவள் தன் கையைத் தானே துணித்துக்கொள்கிறாள். கிரிம் கதையில் தந்தையே கையை வெட்டுகிறான். தமிழிலோ பழி முழுவதும் மாற்றாந்தாய்மேல் விழுந்தது. தந்தையின் குற்றம் மறைந்தது. பெண்ணின் எதிர்ப்பும் குறைந்தது. இது தமிழ்க் கதையின் குறையே. மறைக்க வேண்டுவதில்லை.

எனினும் ஒன்று நோக்குக. கிரிம் கதையின் மன்னன் மனைவிக்கு வெள்ளியால் கைகள் செய்து தருகிறான். அவை அணியாகும், கையாகா. உண்மைக் கைகள் அங்கும் சரி, தமிழிலும் சரி, கணவன் வந்து சேருமுன்பே, காட்டில், அவளுடைய நம்பிக்கைக்கு விடையாக வளர்கின்றன. அவள் நிறைவு கணவன் இட்ட பிச்சையன்று. நிறைந்தவளாகவே நின்று அவனை ஏற்றுக்கொள்கிறாள். காதல் ஒருவரை ஒருவர் மீட்பது மட்டுமன்று, மீண்டவர் இருவர் சேர்வதுமாம் என்பதே இக்கதை இளைஞர்க்குக் கூறும் பாடம்.

நம் பணி

ஞானசௌந்தரி தனித்து நிற்கவில்லை. ஜெனோவாவின் கதை 1953இல் எம். ஜி. ஆர். நடிக்கத் திரைப்படமாயிற்று. கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகத்தில் சார்லமேன் பேரரசன் கதையைத் தமிழ் கலந்த பாட்டில் ஆடுகின்றனர். இவற்றையெல்லாம் இலக்கிய வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் வாழும் தோழர்களே! 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஏடுகளை அங்கே தேடலாம். ஆனால் மேடைப் பாட்டும் நடிப்பும் முதியோர் நினைவில்தான் உள்ளன. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் அத்தகையோர் இருப்பின், இந்த விடுமுறையிலேயே அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதுங்கள். நமக்குக் கைகள் இருக்கின்றன.