மலைக்காற்று கொடுப்பதும் எடுப்பதும்

நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தொடங்கிய இப்போட்டி, 2000ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் பந்தயங்களிலும் இடம்பெற்றுள்ளது. இதற்குக் கரடுமுரடான தம்பி ஒன்று உண்டு. அதில் தார்ச்சாலைக்கு வேலையில்லை. சைக்கிள் ஓட்டமும் கால் ஓட்டமும் மண்ணும் கல்லும் மரவேர்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளிலேயே நடக்கும். ‘எக்ஸ்டெரா’ எனப்படும் இவ்வகைப் போட்டி 1996இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவித் தீவில் தொடங்கியது.

இதன் அமெரிக்கத் தேசியப் போட்டி, 2000க்குப் பின் பல ஆண்டுகள் நெவாடா மாநிலத்தில் தாஹோ ஏரிக்கரையில் நடைபெற்றது. அந்த ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே தாழ்வு. ஏரியில் சுமார் 1.5 கிலோமீட்டர் நீந்திக் கரையேறியவர்கள், சைக்கிளில் 2,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்க நகரமான வர்ஜீனியா சிட்டிக்குத் தண்ணீர் கொண்டுசென்ற மரக்கால்வாயின் வழித்தடம் ஒன்று அம்மலைச் சரிவில் உள்ளது. இன்று அது சைக்கிள் பாதை.

கடற்கரை நகரில் மாதக்கணக்கில் பயிற்சி செய்த நல்ல வீரர் ஒருவர் இங்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஏரிக்கரையில் உலாவுகிறார். உடலில் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் காலை தண்ணீரில் இறங்கி இருநூறு மீட்டர் நீந்துவதற்குள் மூச்சு முட்டுகிறது. மலையேற்றத்தில் கால்கள் ஈயக்குண்டாகக் கனக்கின்றன. ஓட்டப் பகுதியில் பாதித் தூரம் நடக்கிறார். ஒரே இரவில் இவருடைய பயிற்சி எங்கே போயிற்று?

“மலைமேல் ஆக்சிஜன் குறைவு, ஐயா” என்று வகுப்பில் பத்துக்கு எட்டு மாணவர்கள் விடை சொல்வார்கள். விடை தவறன்று, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தாஹோ ஏரிக்கரையிலும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் வளிமண்டல அழுத்தம், 1,900 மீட்டர் உயரத்தில் சுமார் 605 ஆகிவிடுகிறது. இதோடு முடியவில்லை. உள்ளிழுத்த காற்று மூச்சுக்குழலில் ஈரமாகிறது. 37 டிகிரி செல்சியசில் நீராவியின் அழுத்தம் 47 மில்லிமீட்டர். மலையானாலும் கடற்கரையானாலும் அது தன் 47ஐக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மீதியில் 21 விழுக்காடே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். கணக்கிட்டுப் பாருங்கள்: கடல்மட்டத்தில் ஏறத்தாழ 150, ஏரிக்கரையில் 117. நுரையீரலிலிருந்து குருதிக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை இந்த அழுத்தமே. மேல்தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தால் குழாயில் தண்ணீரின் வேகம் தணிவதைப் போன்றது இது.

அப்படியானால் முதல் நாள் ஏன் ஒன்றும் தெரியவில்லை? குருதியிலுள்ள ஹீமோகுளோபின், அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஏறத்தாழ முழு அளவு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஓய்வு நேரத்தில் அதற்குப் போதிய அவகாசமும் உண்டு. நுரையீரலின் நுண்குழல்களைக் குருதி கடந்துசெல்ல அப்போது முக்கால் நொடி ஆகிறது. கடும் உழைப்பின்போது இதயம் குருதியை விரட்டுவதால் அந்த நேரம் கால் நொடியளவுக்குச் சுருங்குகிறது. தள்ளும் விசையும் குறைவு, நேரமும் குறைவு. குருதி முழுச் சுமை ஏற்றாமலே புறப்பட்டுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல பயிற்சி பெற்றவரின் இதயம் மிகுதியான குருதியைப் பாய்ச்சும். ஆகவே உயரத்தில் அவருக்கு ஏற்படும் இழப்பு சாதாரண மனிதருக்கு ஏற்படுவதைவிட அதிகம்! 2,000 மீட்டர் உயரத்தில் உடல் ஏற்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு பொதுவாகப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைகிறது.

மலைக்காற்று எடுப்பது இவ்வளவு. அது கொடுப்பதும் ஒன்று உண்டு. 1968இல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த மெக்சிகோ நகரம் உதகைக்கு நிகரான 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலகை வியக்கவைத்தார். அதே அரங்கில், 10,000 மீட்டர் ஓட்டத்தில் 27 நிமிடம் 39.4 நொடி என்ற உலகச் சாதனைக்கு உரிய ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்ற கென்ய வீரர் நப்டாலி டெமுவுக்கே 29 நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. காற்றின் அடர்த்தி அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே காற்றுத்தடையும் அவ்வளவு குறையும். சில நொடிகளில் முடியும் போட்டிகளுக்கு இது கொண்டாட்டம். சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் அந்நகருக்கே சென்று ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்ததும் இக்கணக்கை மனத்தில் கொண்டுதான். அந்த வேகத்தில் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது.

நம் மலைப்பாதை வீரருக்கு இந்தச் சலுகை கிடைக்குமா? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 2.2 மீட்டர். புவியீர்ப்பை எதிர்க்கும் விசை சுமார் 78 நியூட்டன். இதற்கான திறன் ஏறத்தாழ 172 வாட். மண்பாதையின் உருளல் உராய்வு 20 நியூட்டன் என்றால் அதற்கு 44 வாட். காற்றுத்தடைக்கோ வெறும் 3 வாட்! காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதற்கான திறன் மும்மடியைப் பொறுத்தது. ஆமை வேகத்தில் அது தலைகாட்டுவதேயில்லை. 3 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானால் கிடைப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு. உடலின் திறனில் எட்டில் ஒரு பங்கு போனால் நட்டம் 25 வாட்டுக்கு மேல். இறக்கத்திலாவது காற்று உதவாதா என்றால், அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவை வளைவுகளும் பிரேக்குகளுமே.

நீச்சலிலும் இதே கதைதான். மலைமேல் காற்று மெலிகிறது, தண்ணீர் மெலிவதில்லை. அத்துடன் நீந்துபவர் நினைத்தபோது மூச்சுவிட முடியாது. கைவீச்சுக்கு ஏற்பத் தலையைத் திருப்பும்போதுதான் காற்று கிடைக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் உடல் தானாகவே மேல்மூச்சு வாங்கும். மலையேரிப் போட்டியில் முதல் சில நிமிடங்களே பலரைத் திணறடிப்பதன் காரணம் இதுதான்.

ஏற்றம், பாறை, திடீர்ச் செங்குத்து என்று மாறிக்கொண்டேயிருக்கும் பாதையில் சீரான உழைப்புக்கு வழியில்லை. ஒவ்வொரு செங்குத்திலும் தசைகள் ஆக்சிஜன் இன்றிச் சிறிது நேரம் கடனில் இயங்குகின்றன. சமவெளியில் அடுத்த நூறு மீட்டரில் அடையும் கடன், இங்கே அடைபடுமுன் அடுத்த செங்குத்து வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், உயரத்தைவிடவும் இந்தக் கடன் கணக்கே போட்டியாளரை வீழ்த்துகிறது என்பேன்.

சில நாள் முன்பே சென்று பழகிக்கொண்டால் என்ன? சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாயிட்டின் என்ற இயக்குநீர் சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கும். ஆனால் அணுக்கள் பெருகி வருவதற்கு வாரங்கள் ஆகும். முதல் சில நாள்களிலோ குருதியின் நீர்ப்பகுதி குறைகிறது, தூக்கமும் கெடுகிறது. எனவே இரண்டு மூன்று வாரம் முன்னதாகச் செல்ல இயலாத வீரர்களில் பலர், போட்டிக்கு முந்திய நாள் மட்டும் போய்ச் சேர்கிறார்கள்.

போட்டி நாளன்று செய்யக்கூடியது வேகத்தைக் கட்டுப்படுத்துவதே. ஆனால் சைக்கிளில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் கரடுமுரடான பாதையில் சமநிலை தவறும். பத்து மீட்டருக்கு இரண்டு மீட்டர் உயரும் செங்குத்தில் அந்தக் குறைந்த வேகத்துக்கே, மண்ணின் உராய்வை விட்டுவிட்டாலும், 220 வாட் தேவை. சமவெளியில் 220 வாட் தந்த உடல் இங்கே 190தான் தரும். அவர் இறங்கி, மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால், தம்மையும் வண்டியையும் மேலே தூக்க 130 வாட் போதும். மேலே போய் ஏறிக்கொள்ளும்போது மூச்சு அவரிடம் மிச்சமிருக்கும்.