தலைமைச் செயலகமும் மக்கள் போராட்டமும்

ஆட்சி நடைபெறும் இடத்தைக் காப்பதும், அதன் வாயிலில் நின்று குறை கூறும் மக்களின் உரிமையைக் காப்பதும் ஒரே கடமையின் இரு கூறுகளாகும். இதனை விளக்கத் திருவனந்தபுரம் தக்க சான்று.

1869ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கேரளத் தலைமைச் செயலகம், நகரின் நடுவே முதன்மைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. சூரிய மின்தகடு மோசடி தொடர்பாக முதலமைச்சர் உம்மன் சாண்டி பதவி விலக வேண்டுமெனக் கோரி, இடதுசாரி ஜனநாயக முன்னணியினர் 2013 ஆகஸ்ட் 12 அன்று அதனைப் பெருந்திரளாக முற்றுகையிட்டனர். மாநிலக் காவலர்க்குத் துணையாக மத்தியப் படையினரும் நிறுத்தப்பட்டனர். நீதி விசாரணை நடைபெறும் என அரசு அறிவித்ததும், மறுநாளே முற்றுகை கைவிடப்பட்டது. தடுப்புவேலிகள் அவகாசம் அளித்தன. முடிவுக்கு வழிகோலியது அறிவிப்பே.

அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று கண்ணூரில் முதலமைச்சரின் காரை நோக்கிக் கல்லெறியப்பட்டது, அவர் காயமுற்றார். கட்டடத்திற்கு மதிலும் வாயிலும் உண்டு. பயணத்திற்கு அவை இல்லை. ஆகவே, செல்லும் வழி, கூட்டம் நிற்கும் தொலைவு, மாற்றுப்பாதை ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்தல் இன்றியமையாதது.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு வழங்குகிறது. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளையும் அது ஏற்கிறது. வன்முறைக்கு அங்கு இடமில்லை. 2015 மார்ச் 13 அன்று கேரளச் சட்டமன்றத்தினுள் நிகழ்ந்த சேதம் பற்றிய வழக்கைத் திரும்பப் பெற, 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பொதுச் சொத்தை அழித்தல் உறுப்பினர் சிறப்புரிமையில் அடங்காது எனவும் தெளிவுபடுத்தியது.

சட்டம் வாயிலுக்கு வெளியே நிற்போர்க்கும் உள்ளே அமர்வோர்க்கும் பொதுவானது. அந்நம்பிக்கை நிலைபெறும் இடத்தில் காவலரின் பணி எளிதாகும்.