கூடைக்கு ஒரு லாட் எண்: எக்செல்லில் அமைக்கலாம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே, கிணற்றுத் தண்ணீரை நம்பி அரை ஏக்கரில் ரசாயனம் போடாமல் காய்கறி விளைவிப்பவர் தனியாக வண்டி வைத்துச் சந்தைக்குப் போவது கட்டுப்படியாகாது. பத்துப் பேர் காயும் ஒரே வண்டியில் ஏறும். அதில் ஒரு கூடையில் வெளிக்காய் கலந்தால் பத்துப் பேர் பெயரும் கெடும்.

ஏற்றுமதியாகும் இயற்கை விளைபொருட்களுக்காக அபெடா நிறுவனம் 2010ல் ட்ரேஸ்நெட் என்ற இணைய வழிப் பதிவைத் தொடங்கியது. பதிவான விளைச்சலுக்கு மேல் விற்கச் சான்று கிடைக்காது என்பதுதான் அதன் சூட்சுமம். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போடலாம்.

எக்செல்லைத் திறந்து முதல் வரிசையில் தேதி, லாட் எண், விவசாயி, காய், வந்த எடை, உழவர் சந்தை, மதுரைக் கடை, கழிவு, மீதி எனத் தலைப்புகள் கொடுக்கவும். லாட் எண் 0703121 என்றால் 7ஆம் எண் விவசாயி, டிசம்பர் 3, முதல் காய். இதை அப்படியே டைப் செய்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும்! (புதியவர்கள் எல்லாரும் இங்கே தடுமாறுவார்கள்.) எனவே அந்த நெட்டு வரிசையை முதலில் செலக்ட் செய்து, கண்ட்ரோல் + 1 அழுத்தி, டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும்.

அடுத்து மீதி செல்லில் சமன் குறி இடவும். வந்த எடை செல்லை மவுஸால் கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, சந்தை எடை செல்லைக் கிளிக் செய்யவும். கடை, கழிவு இரண்டையும் இப்படியே கழித்து என்டர் தட்டவும். செல்லின் கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும். பின் மீதி வரிசையை செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் சென்று 0 கொடுக்கவும்.

7ஆம் எண்காரர் 18 கிலோ வெண்டை தந்தார். சந்தையில் 15, கடையில் 8 விற்றதாக எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி -5 எனச் சிவப்பில் தெரியும். அந்த 5 கிலோ எங்கிருந்து வந்தது? எடை போட்டவரை அன்றைக்கே கேளுங்கள். ஒரு வாரம் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

காயில் மருந்து இருக்கிறதா என்று எக்செல் சொல்லாது. அதற்குத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிடும் பி.ஜி.எஸ். சான்று முறை அதற்கு உண்டு. ஆனால் கடைக்காரர் குறை சொன்னால், கண்ட்ரோல் + எப் அழுத்தி லாட் எண்ணைக் கொடுங்கள். யார் காய் என்று நொடியில் தெரியும்.

கூடையில் கட்டும் அட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். தண்ணீர் தெளித்த கூடையில் பேனா மை ஓடிவிடும்.